கறுப்பு பாட்டிலும் வெங்காயப் பட்டறையும்

என் நாத்தனார் எதையும் சும்மா தருகிறவள் இல்லை. அதனால் அன்றைக்கு அவள் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கைப்பையைத் திறந்து, ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்து, "இந்தாங்க அண்ணி, ஒங்களுக்குத்தான்" என்று என் கையில் வைத்தபோது, சந்தோஷம் வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அவள் புருஷன் துபாயில் வேலை பார்க்கிறார். லீவில் வரும்போதெல்லாம் பெட்டி நிறையக் கொண்டுவருவார். அதிலிருந்து குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்வது வழக்கமாக ஒரு சோப்பும், பாதி தீர்ந்த தலைவலித் தைலமும்தான். இந்தத் தடவை உள்ளங்கை கனக்கிற மாதிரி ஒரு சென்ட் பாட்டில், அதுவும் அட்டைப்பெட்டியோடு.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே சுற்றியிருக்க வேண்டிய கண்ணாடித்தாள் இல்லை. வாசலுக்குப் போய் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் நிழலாகத் தெரிந்த சென்ட், கழுத்துவரை இருக்க வேண்டியது, ஒரு நூல் இறங்கியிருந்தது.

"என்னா அண்ணி, செக் பண்றீங்க?"

"சும்மா பாத்தேன். நீ போட்டுக்கலையா?"

"ஒங்களுக்குன்னு எடுத்து வச்சத நான் எப்படிப் போடுவேன்? சுத்தமான ரோஸ் அண்ணி. அவரு பாத்துப் பாத்து வாங்கியாந்தது."

பெட்டியில் ரோஜாப் படம் இருந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட சிவப்பு. நாத்தனார் என் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முகர்ந்தேன். முதலில் ரோஜாதான். தலையில் வைக்கிற இளஞ்சிவப்பு ரோஜா இல்லை, மாலையில் கட்டுகிற கருஞ்சிவப்பு ரோஜாவின் இதழை விரலால் கசக்கினால் வருமே, அந்தக் கனத்த வாசனை. கொஞ்சம் ஜாம் மாதிரி இனிப்பு. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி முகர்ந்தபோது பூ ஒதுங்கிப் போயிருந்தது. அதற்குக் கீழே மண் இருந்தது. வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் முதல் மழை இறங்கும்போது கிளம்புகிற மண். அதோடு தோல் சீவிய பீட்ரூட். வெகுநாள் திறக்காத மர பீரோவின் உட்புறம். எங்கோ ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு.

"எப்படி இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"நல்லாருக்கு" என்றேன். உள்ளுக்குள் பயந்துவிட்டேன். பாட்டிலுக்காக இல்லை. என் மூக்குக்காக.

என் மூக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஏன் ஒரு சென்ட்டுக்காகக் கலங்கினேன் என்று புரியாது. எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயம் பறித்ததும் அடுத்த நடவுக்கான விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்போம். வயலோரமாகக் கல் வைத்து, மேலே கம்புகளைப் பரப்பி, காற்று போய்வருகிற மாதிரி இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி அடைத்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் அது அங்கேயே கிடக்கும். நடுவில் ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் அழுகும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பட்டறையை முகர்வது நான்தான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. அதற்கென்று நானே சில பழக்கங்கள் வைத்திருந்தேன். முகரப் போகிற நாளில் பூ வைக்க மாட்டேன், பவுடர் போட மாட்டேன், காபி குடிக்க மாட்டேன். வெயில் ஏறுவதற்குள் போய், தட்டியில் மூக்கை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்ல நடப்பேன். "இங்க" என்று நான் கை காட்டிய இடத்தில் பிரித்தால் நாலு வெங்காயமாவது கொழகொழத்துக் கிடக்கும். பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட என்னைக் கூப்பிட்டுப் போவார்கள். நான் கொஞ்சம் கர்வமாகத்தான் போவேன், அதை மறைப்பானேன்.

அப்புறம் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூக்கு திரும்பி வரவில்லை. சாம்பார் அடிப்பிடித்துக் கருகி, புகை கண்ணில் பட்ட பிறகுதான் எனக்குத் தெரியும். மூன்று நான்கு மாதம் கழித்து வாசனை வந்தது, ஆனால் கோணலாக வந்தது. காபி, டயர் எரிகிற மாதிரி அடித்தது. வதக்கிய வெங்காயம் சாக்கடையாக நாறியது. அந்தக் கோணல் மூக்கோடு அடுத்த வருஷம் பட்டறைக்குப் போனேன். மொத்தமும் அழுகிவிட்டது என்று அலறினேன். என் வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பட்டறையை முழுக்கப் பிரித்தார். ஒரு வெங்காயம்கூட அழுகவில்லை. பிரித்துப் போட்டதில் தோல் உரிந்து வீணானதுதான் மிச்சம். வந்திருந்த ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை முகரச் சொன்னதில்லை. திட்டியதும் இல்லை. தானே போய்க் கையை விட்டு, நாலு வெங்காயத்தை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். யாராவது கேட்டால், "அவ மூக்கு ரிப்பேருல இருக்கு" என்பார். கேலிதான். எனக்கு அது ஊசியாகக் குத்தும்.

நான் சும்மா விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அஞ்சறைப் பெட்டியில் கையை விட்டு ஒன்றை எடுத்து முகர்வேன். என்ன வாசனை தெரிகிறது என்று எழுதுவேன். கண்ணைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் டிக், தப்பாக இருந்தால் பெருக்கல் குறி. முதல் பக்கங்கள் முழுக்கப் பெருக்கல் குறிதான். சீரகத்தைச் சோப்பு என்று எழுதியிருக்கிறேன். வருஷங்கள் போகப் போக டிக் கூடியது. பெருங்காயம், கற்பூரம், வேப்பம்பூ, மண்ணெண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றாக ஒழுங்காகத் திரும்பி வந்தன. இந்த வருஷம் புரட்டாசி பிறந்தபோது, இரண்டு பக்கம் தொடர்ந்து டிக். பட்டறையை நானே பார்க்கிறேன் என்று அவரிடம் கேட்பதாக இருந்தேன். அந்த வாரம்தான் நாத்தனார் கறுப்பு பாட்டிலோடு வந்தாள்.

அவள் போனதும் நோட்டை எடுத்தேன். "ரோஸ் சென்ட்: ஈர மண், பீட்ரூட், பீரோ, துரு" என்று எழுதினேன். குறி போடவில்லை. முதலில் அவள்மேல்தான் சந்தேகப்பட்டேன். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு எதையாவது கலந்து ஊற்றியிருப்பாளோ? புருஷன் கொண்டுவந்ததைப் பிரித்து, பிடிக்காததை என் தலையில் கட்டிவிட்டாளோ? யாரையாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

தையல் தைக்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் பாட்டிலை நீட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ரோஸு" என்றாள். முகரவே இல்லை. அது செல்லாது. அடுத்து ஒரு கைக்குட்டையில் அடித்து, ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளிடம் கொடுத்தேன். "பன்னீர் மாதிரி இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த டீச்சரம்மா, "சாமி ரூம் வாசனை" என்றார். அந்த வாரம் முழுக்க நான் கைக்குட்டையும் கையுமாக அலைந்ததைப் பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருவர்கூட மண் என்று சொல்லவில்லை. ஒருவர்கூட.

கடைசியில் என் வீட்டுக்காரரிடமே கைக்குட்டையை நீட்டினேன்.

"ரோஸ்தான். ஏன், ஒனக்கு என்னா அடிக்குது?"

"மண்ணு."

அவர் சிரித்தார். "வெளங்கிரும்."

இரண்டு நாள் கழித்து, ராத்திரி பெய்த மழை விட்டிருந்த ஒரு காலையில், அவருக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போனேன். பூ இல்லை, பவுடர் இல்லை, காபி இல்லை. தட்டியில் மூக்கை வைத்து நடந்தேன். தெற்குக் கோடியில் காய்ந்த தோல் வாசனை. நடுவில் அதே. வடக்குக் கோடிக்கு நாலு அடி இருக்கும்போது நின்றேன். இனிப்பு கலந்த ஒரு அழுகல். பலாச்சுளையை டப்பாவில் போட்டு மூடி மறந்துவிட்டால் வருமே, அப்படி. லேசாகத்தான். பின்னால் போனால் இல்லை, முன்னால் வந்தால் இருந்தது.

பழைய நாளாக இருந்தால் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். இப்போது என்னையே நான் குறுக்கு விசாரணை செய்தேன். கை கழுவினாயா? சென்ட் ஒட்டியிருக்குமோ? போன தடவையும் இப்படித்தானே உறுதியாகச் சொன்னாய்? ரோஜாவே மண்ணாகத் தெரிகிற மூக்குக்கு நல்ல வெங்காயம் எப்படித் தெரியும்? இருந்தாலும் மனசு கேட்காமல், மோட்டார் போட வந்த அவரிடம் போய்ச் சொன்னேன்.

"வடக்கு மூலையில ஒரு மாதிரி அடிக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. வந்து தட்டி இடுக்கில் கையை விட்டு, ஓரத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். சலசலவென்று காய்ந்த வெங்காயம்.

"இதுக்கென்ன கொறச்ச? ரோஸு மண்ணா அடிக்குதுங்குற, வெங்காயம் எப்படி அடிக்கும்? மறுபடி என்னையப் பிரிக்க வச்சுராத, தாயீ."

தாயீ என்றதில் பாதி கெஞ்சல், பாதி கேலி. எனக்கு முகம் சூடேறியது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: "பட்டறை, வடக்குக் கோடி: இனிப்பு அழுகல்." கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அதற்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். மேலே பாதியில் நின்ற ரோஸ் சென்ட்டுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதோடு நோட்டை மூடிவிட்டேன்.

ஆனால் நாத்தனார்மேல் இருந்த சந்தேகத்தை மூடவில்லை. அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் மோசமானவள். பாட்டில் டூப்ளிகேட் என்று ஒரு ஆள் வாயால் கேட்டுவிட்டால் போதும், என் மூக்கும் தப்பித்தது, அவளையும் பிடித்துவிடலாம். பத்து நாள் கழித்து பெரம்பலூரில் பல் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பியபோது, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அத்தர் கடை உண்டு. கடையில் ஒரு பாய், என் வயதுதான் இருக்கும், போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"பாய், இது டூப்பா அசலான்னு பாத்துச் சொல்லணும்."

அவர் மூடியைத் திறந்தார். ஒரு தாள் துண்டில் அடித்து ஆற வைத்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் தூரத்திலிருந்தே ஆட்டி முகர்ந்தார்.

"அசல்தாம்மா. நல்ல சரக்கு."

"அப்ப ஏன் பாய் இப்படி அடிக்குது?"

"எப்படி?"

சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்கு மூக்கு கொஞ்சம் சரியில்ல. மண்ணு மாதிரி அடிக்குது. பீட்ரூட்டு மாதிரி."

பாய் தாளைக் கீழே வைத்தார். "சரியில்லன்னு யாரு சொன்னது? மண்ணு அடிக்கணும்னுதாம்மா இதச் செய்யிறாங்க. மேல ரோஸு. அதுக்குக் கீழ பச்சோலின்னு ஒரு எலயோட எண்ணெ. அதுக்கும் கீழ ஊது கட்டை, நம்ம அகிலு. அரபு நாட்டுக்காரங்க தேடி வாங்குவாங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு மக்குன வாடை அடிக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்துருவாங்க."

"மத்தவங்கள்லாம் ரோஸுங்குறாங்களே."

"ஒரே தடவ மோந்தா ரோஸு மட்டும்தான் தெரியும். அதச் சொல்றாங்க."

நான் நம்பவில்லை. வியாபாரி எதையும் சொல்லுவான் என்று தோன்றியது. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து சீட்டு ஒட்டாத இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றாக என் மூக்குக்கு நேரே பிடித்தார். முதலாவது வெட்டிவேர். சொன்னேன். இரண்டாவதைத் திறந்ததும் கரிசல் காட்டில் மழை இறங்கியது. அதே ஈர மண், அதே பீரோ.

"இதுதான். பாட்டிலுக்குள்ள இருக்குறது இதுதான்" என்றேன்.

"இதான் பச்சோலி" என்று குப்பியை மூடினார் பாய். "ஒங்க மூக்குக்கு ஒன்னும் இல்லம்மா. மாஷா அல்லா, கடையில வந்து ஒக்காரலாம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைப் படியில் நின்றபடியே நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"உண்மையச் சொல்லு. அந்த சென்ட்ட நீ போட்டுப் பாத்தியா இல்லையா?"

"கோச்சுக்காதீங்க அண்ணி. ரெண்டு தடவ போட்டேன். எனக்குப் புடிக்கல."

"ஏன் புடிக்கல?"

"ஒரு மாதிரி மண்ணு வாடை அடிச்சிச்சு. ஒங்ககிட்ட அதச் சொல்லியா குடுக்க முடியும்? அதான் ரோஸுன்னேன்."

நான் போனை வைத்துவிட்டேன். திட்டுவதற்கு நேரமில்லை. பல் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. குன்னம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, நாள் எண்ணினேன். வடக்குக் கோடியில் அந்த இனிப்பு வாடை அடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நடுவில் மூன்று நாள் மழை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. கண்டக்டரைப் பிடித்துக் கத்தலாம் போல இருந்தது.

ஊரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே வெங்காயக் காட்டுக்குப் போனேன். இந்தத் தடவை மூக்கை வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. கீற்றை இழுத்துப் போட்டு, வடக்குப் பக்கம் நடுவில் கையை முழங்கைவரை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று சூடாக இருந்தது. கையை எடுத்தபோது விரலிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

அந்தப் பக்கமாக வந்த என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார். தட்டியைப் பிடுங்கினார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போட்டோம். கெட்ட குவியல் உயர்ந்துகொண்டே போனது. வடக்குப் பாதி முழுக்கப் போய்விட்டது. நடுவிலும் கால்வாசி. பத்து நாளைக்கு முன்னால் பிரித்திருந்தால் ஒரு கூடையோடு போயிருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐப்பசியில் இருந்த விதையை நட்டோம். காட்டில் பாதிதான் நிறைந்தது. மீதிப் பாதி கறுப்பாகச் சும்மா கிடந்தது. வீட்டு வாசலில் நின்றாலே கண்ணில் படுகிற இடம் அது.

நட்டு முடித்த அன்று மத்தியானம் அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தவர், அலமாரியில் என் நோட்டைப் பார்த்து எடுத்துவிட்டார். அவர் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். சீரகத்தைச் சோப்பு என்று எழுதியதற்கு லேசாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சரியாத்தானே எழுதியிருக்க" என்றார். "எதுக்கு இண்டு போட்ட?"

இண்டு என்று அவர் சொன்னது பெருக்கல் குறியை. நீங்கள்தானே கேலி செய்தீர்கள் என்று வாய்வரை வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் குறியைப் போட்டது அவர் கை இல்லை. நாத்தனாரைச் சந்தேகப்பட்டேன், பாயைச் சந்தேகப்பட்டேன், ரேஷன் கடையில் நின்றவளைக்கூட விடவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டுவிட்டு, சரியாகச் சொன்ன என் மூக்கை மட்டும் தப்பு என்று நானே எழுதி வைத்தேன்.

"தெரியாம போட்டுட்டேன்" என்றேன்.

அவர் நோட்டை என் கையில் கொடுத்தார். "அடுத்த பட்டறைக்கு நீ மோந்து பாரு. நான் கைய விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பேனாவை எடுத்து, ரோஸ் சென்ட்டுக்கு நேரே இருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட்டேன். அதற்குக் கீழே பட்டறை என்று எழுதிய வரிக்கு வந்தேன். அந்தக் குறியால் வெறுமனே கிடக்கிற பாதிக் காடு வாசல் வழியே தெரிந்தது. கை போகவில்லை. அந்தக் குறியை இன்னும் மாற்றவில்லை, அப்படியே இருக்கிறது.